இர்சி: டெர்மினலில் ஐஆர்சி அரட்டை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களின் கணினியில் இர்சியை நிறுவித் தரும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். லினக்ஸ் டெர்மினலில் ஓரளவு பழகியவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

படிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில், ஒலிப்படி எழுதியிருக்கிறேன். திரையில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சாய்கோடு, #, சிறுகோடு, எண்கள் எல்லாம் இங்கே உள்ளபடியே.

இர்சி என்றால் என்ன?

ஐஆர்சி என்பது எழுத்தால் மட்டும் பேசிக்கொள்ளும் அரட்டை முறை. பின்லாந்தின் ஓவ்லு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் 1988 ஆகஸ்டில் உருவாக்கியது. அந்த அரட்டைக்குள் நுழைய ஒரு கிளையன்ட், அதாவது சர்வரோடு இணையும் மென்பொருள் வேண்டும். டெர்மினலிலேயே ஓடும் கிளையன்டுகளில் இர்சி மிகப் பரவலான ஒன்று. இதைத் தொடங்கியவரும் பின்லாந்துக்காரர்தான்: டிமோ சிரைனென், 1999இல். மெயில் சர்வர் நடத்துகிறவர்களுக்கு டவ்காட் தெரிந்திருக்கும், அதை எழுதியவரும் இவரே. இர்சி சி மொழியில் எழுதப்பட்டது. கூடுதல் வசதிகளைப் பெர்ல் ஸ்கிரிப்டுகளாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப், டெலிகிராம் இருக்கும்போது இது எதற்கு?

குடும்பத்தோடும் நண்பர்களோடும் பேச அவையே போதும். ஆனால் டெபியனிலோ ஆர்ச் லினக்ஸிலோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டால், அந்த மென்பொருளை உருவாக்குகிறவர்களும் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறவர்களும் இன்றும் ஐஆர்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தொலைபேசி எண் கேட்பதில்லை. பழைய மடிக்கணினியிலும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலும் ஓடும். இணைப்பு மெதுவாக இருந்தாலும் வந்து போவது வெறும் எழுத்துதானே, தாங்கும்.

எனக்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2021இல் ஃப்ரீநோட் என்ற பெரிய ஐஆர்சி நெட்வொர்க்கின் கட்டுப்பாடு யாரிடம் என்பதில் தகராறு வந்தது. அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் வெளியேறி, மே 19 அன்று லிபெரா சாட் என்ற புதிய நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். பல திட்டங்களின் சேனல்கள் (அரட்டை அறைகள்) அங்கே குடிபெயர்ந்தன. பயனர்கள் செய்ய வேண்டியிருந்தது என்ன? அதே கிளையன்டில் சர்வர் முகவரியை மாற்றி, பெயரைப் புதிதாகப் பதிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். நெறிமுறை பொதுச்சொத்தாக இருப்பதால்தான் இது முடிந்தது. ஒரே நிறுவனத்தின் செயலிக்குள் இருக்கும் குழுவுக்கு இந்த வழி இல்லை.

எப்படி நிறுவுவது?

பொட்டலத்தின் பெயர் எல்லா இடத்திலும் 'இர்சி'தான். ஆங்கிலத்தில் ஐ, ஆர், எஸ், எஸ், ஐ என்று ஐந்து எழுத்து. டெபியன், உபுண்டுவில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் இர்சி'. ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பேக்மேன், மேக்கில் ஹோம்ப்ரூ. விண்டோஸில் முதலில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு, அதற்குள் உபுண்டுபோலவே நிறுவுவது எளிது. ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலிக்குள்ளும் கிடைக்கும்.

மூலநிரலை இறக்கி நீங்களே கம்பைல் செய்யத் தேவையில்லை.

திறந்தால் வெறும் கறுப்புத் திரை. அடுத்து என்ன?

இர்சி எழுந்தவுடன் தெரிவது முதல் சாளரம், அதாவது நிலைச் சாளரம். சர்வர் சொல்லும் செய்திகள் அங்கே வரும். கீழே ஒரு நிறப்பட்டை, அதற்கும் கீழே நீங்கள் எழுதும் வரி. சாய்கோட்டில் தொடங்கினால் அது கட்டளை. இல்லையென்றால் அது பேச்சு, அப்படியே சேனலுக்குப் போய்விடும்.

முதலில் '/செட் நிக்' என்று அடித்து, இடைவெளி விட்டு உங்கள் பெயரைக் கொடுங்கள். கையோடு '/செட் ரியல்_நேம்', '/செட் யூசர்_நேம்' இரண்டையும் மாற்றிவிடுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் கணினியில் உள்ள உங்கள் கணக்குப் பெயரையும் முழுப்பெயரையும் இர்சி எடுத்துக்கொள்ளும். உங்களைப் பற்றி யார் '/ஹூஇஸ்' கேட்டாலும் அது தெரியும். பலர் பல மாதம் கழித்துத்தான் இதைக் கவனிக்கிறார்கள்.

அப்புறம் '/கனெக்ட் லிபெராசாட்'. புதிய பதிப்புகளில் இந்த நெட்வொர்க்கின் விவரம் முன்பே உள்ளே இருக்கிறது. 2021க்கு முந்தைய பதிப்பு என்றால் அந்தப் பெயர் அதற்குத் தெரியாது. '/கனெக்ட் -டிஎல்எஸ்' (டிஎல்எஸ் என்பது இணைப்பை மறையாக்கும் முறை) என்று அடித்து, லிபெரா சாட்டின் சர்வர் முகவரியையும் 6697 என்ற போர்ட்டையும் நீங்களே கொடுக்க வேண்டும். 6667 பழைய போர்ட். அதில் எதுவும் மறையாக்கம் இல்லாமல் போகும், அதனால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சர்வரின் வரவேற்புச் செய்தி நீளமாக ஓடி முடிந்ததும் '/ஜாயின் #இர்சி'. இர்சிக்கென்றே உள்ள சேனல் அது. உள்ளே போனதும் புதிய சாளரம் திறக்கும்.

சேனலுக்குள் போனேன், நிலைச் சாளரத்துக்குத் திரும்பத் தெரியவில்லை.

ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு 1. இரண்டாம் சாளரத்துக்கு ஆல்ட்+2, இப்படியே 9 வரை, பத்தாவதுக்கு 0. அதற்கும் மேல் போனால் க்யூ தொடங்கி மேல்வரிசை எழுத்துக் கீகள். கன்ட்ரோல்+என் ('நெக்ஸ்ட்' என்பதன் முதலெழுத்து) அடுத்த சாளரம், கன்ட்ரோல்+பி ('ப்ரீவியஸ்' என்பதன் முதலெழுத்து) முந்தையது.

இவற்றைவிட நான் அதிகம் அழுத்துவது ஆல்ட்+ஏ. எந்தச் சாளரத்தில் புதிதாகப் பேச்சு நடந்திருக்கிறதோ அங்கே நேராகக் கொண்டுபோய் விடும். கீழ்ப்பட்டையில் 'ஆக்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வரும் எண்கள் அந்தச் சாளரங்கள்தான். உங்கள் பெயரை யாராவது சொல்லியிருந்தால் அந்த எண் தனி நிறத்தில் பளிச்சென்று நிற்கும். இருபது சேனல் திறந்து வைத்துக்கொண்டும் நிம்மதியாக வேலை பார்க்க முடிவது இதனால்தான்.

ஆல்ட் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் டெர்மினலிடம். க்னோம் டெர்மினலில் ஒன்றுக்கு மேல் டேப் திறந்திருந்தால் ஆல்ட்+1ஐ அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அதன் குறுக்குவிசை அமைப்பில் அதை நீக்குங்கள். மேக் டெர்மினலில் ஆப்ஷன் கீயை மெட்டா கீயாக நடத்தச் சொல்லும் அமைப்பைத் தேர்வு செய்ய வேண்டும். எதுவும் கைகொடுக்காவிட்டால் எஸ்கேப்பை அழுத்தி விட்டு, அப்புறம் எண்ணை அழுத்துங்கள். அதுவும் அதே பலன்தான்.

பழைய பேச்சைப் பார்க்க பேஜ் அப், பேஜ் டவுன். ஒரு சொல்லைத் தேட '/லாஸ்ட்லாக்' போட்டு அந்தச் சொல். ஒருவர் பெயரின் முதல் இரண்டு எழுத்தை அடித்து டேப் கீயை அழுத்தினால் மீதியை இர்சியே நிரப்பும்.

பெயரைப் பதிவு செய்ய வேண்டுமா?

செய்துவிடுங்கள். சில சேனல்கள் பதிவு செய்த பெயர்களை மட்டுமே உள்ளே விடும் அல்லது பேச விடும். பெயர்களைப் பதிந்துகொள்வது நிக்செர்வ் என்ற தானியங்கிச் சேவை. நிலைச் சாளரத்துக்குப் போய், '/எம்எஸ்ஜி நிக்செர்வ் ரெஜிஸ்டர்' என்று அடித்து, அதே வரியில் கடவுச்சொல்லையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். மின்னஞ்சலுக்கு ஒரு சரிபார்ப்பு வரி வரும், அதைத் திருப்பி அடித்தால் பதிவு முடிந்தது. பெயரில் தமிழ் எழுத்து ஏற்காது. எண்ணில் தொடங்கவும் முடியாது.

நிலைச் சாளரத்தில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாய்கோட்டுக்கு முன்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால் இர்சி அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது, பேச்சாகவே அனுப்பிவிடும். ஒருமுறை நூற்றுக்கணக்கானவர்கள் இருந்த சேனலில் என் கடவுச்சொல் அப்படித்தான் போய் விழுந்தது. ஐஆர்சியில் அனுப்பியதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. ஓடிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன். நிலைச் சாளரத்தில் இந்தத் தவறு நடந்தாலும் அது யாருக்கும் போகாது.

ஒவ்வொரு முறையும் கையால் உள்நுழைவதைத் தவிர்க்க எஸ்ஏஎஸ்எல் முறை இருக்கிறது. '/நெட்வொர்க் ஆட்' கட்டளையில் எஸ்ஏஎஸ்எல் யூசர்நேம், பாஸ்வேர்ட், மெக்கானிசம் மூன்றையும் கொடுத்து, இறுதியில் நெட்வொர்க் பெயரைச் சேர்த்து, '/சேவ்' அடித்தால் போதும். மெக்கானிசம் 'பிளெய்ன்'. இணையும்போதே உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் கடவுச்சொல் இர்சியின் அமைப்புக் கோப்பில் வெறும் எழுத்தாகக் கிடக்கும். அந்தக் கோப்பின் அனுமதியை 600 ஆக்கி (உங்கள் கணக்கு மட்டும் படிக்கும்படி), வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வையுங்கள்.

என் ஐபி முகவரி மற்றவர்களுக்குத் தெரியுமா?

பொதுவாகத் தெரியும். லிபெரா சாட்டில் பெயரைப் பதிவு செய்தபின் #லிபெரா-குளோக் என்ற சேனலுக்குப் போய் 'குளோக்மீ' என்ற சொல்லை ஆச்சரியக்குறி முன்னால் வைத்து அடித்தால் முகவரியை மறைத்துக் காட்டும். பிற சேனல்களில் சேரும் முன் இதைச் செய்துகொள்வது நல்லது. டிஎல்எஸ் உங்களுக்கும் சர்வருக்கும் நடுவில் மட்டும்தான் காவல். சர்வரை நடத்துகிறவர்களால் படிக்க முடியும். பொதுச் சேனலில் பேசுவதை யார் வேண்டுமானாலும் பதிந்து வைக்கலாம், சில சேனல்களின் பதிவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. தெருவில் நின்று பேசுவதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டேன், யாருமே பதில் சொல்லவில்லை. கோபமா?

கோபமில்லை, பெரும்பாலும் ஆளில்லை. பெயர்ப் பட்டியலில் ஐந்நூறு பேர் தெரிந்தாலும் பலர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், சிலர் அலுவலகத்தில் இருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் வணக்கம் சொல்லி, 'ஒரு சந்தேகம் கேட்கலாமா' என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அனுமதி கேட்க வேண்டாம். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று ஒன்றிரண்டு வரியில் நேராகக் கேட்டுவிட்டு, சாளரத்தை மூடாமல் உங்கள் வேலையைப் பாருங்கள். எனக்கு மூன்று மணி நேரம் கழித்து வந்த பதில்கள் உண்டு, அவை பொறுமையாக, விவரமாக எழுதப்பட்டவை.

பிழைச்செய்தி இருபது வரி இருந்தால் சேனலில் கொட்டாதீர்கள். ஒரு பேஸ்ட் தளத்தில் போட்டு இணைப்பை மட்டும் கொடுங்கள். வேகமாகப் பல வரி அனுப்பினால் சர்வரே உங்களைத் துண்டித்துவிடும். இர்சி இதில் ஒரு நல்ல காரியம் செய்கிறது: ஐந்து வரிக்கு மேல் ஒட்டினால் உடனே அனுப்பாமல், நிச்சயமா என்று கேட்கும். கன்ட்ரோல்+கே அனுப்பும், கன்ட்ரோல்+சி கைவிடும்.

தமிழில் எழுத முடியுமா?

முடியும். ஆனால் மூன்று இடங்களில் இடறும், அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் சரிசெய்ய முடியும். எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் பகுதிதான்.

முதலாவது, எழுத்துக் குறியாக்கம். டெர்மினலில் 'லோகேல்' என்று அடித்துப் பாருங்கள். யுடிஎஃப்-8 என்று வரவில்லையென்றால் தமிழ் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். தமிழ் லோகேல்தான் வேண்டும் என்றில்லை, ஆங்கில லோகேலும் யுடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். தொலைவிலுள்ள சர்வரில் இர்சி ஓடினால் அங்கேயும் இதைச் சரிபார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் டிமக்ஸுக்குள் (டெர்மினலை அணையாமல் ஓட வைக்கும் மென்பொருள், கீழே வருகிறது) கேள்விக்குறி வந்தால் டிமக்ஸை '-யு' சேர்த்துத் தொடங்குங்கள்.

இரண்டாவது, எழுத்து வடிவம். டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள், கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் உருவானது. தமிழ் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. 'கொ' என்று எழுதினால் சேமிப்பில் ககரம் முன்னாலும் உயிர்க்குறி பின்னாலும் இருக்கும். திரையிலோ அந்தக் குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத டெர்மினலில் கொம்பும் காலும் தனியாகத் தொங்கும். அதோடு, ஓர் உயிர்மெய்க்கு எத்தனை கட்டம் என்பதில் இர்சி ஒரு கணக்கும் டெர்மினல் வேறு கணக்கும் வைத்திருந்தால், நீங்கள் எழுத எழுதக் கர்சர் விலகிக்கொண்டே போகும். அனுப்பும் செய்தியில் பிழை எதுவும் இராது, உங்கள் திரையில்தான் குழப்பம். இர்சியைக் குறை சொல்லும் முன் வேறு டெர்மினலில் திறந்து பாருங்கள். பல மொழிகளுக்கென்றே உருவான எம்எல்டெர்ம் இந்திய எழுத்துகளை நன்றாகக் கையாளும். கேடிஇயின் கான்சோலும் எனக்குப் படிக்கும்படி காட்டுகிறது. தமிழ் எழுத்துள்ள ஒரு நல்ல எழுத்துரு கணினியில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நீளம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஐஆர்சியில் ஒரு செய்திக்கு மேல்வரம்பு 512 பைட். அதில் உங்கள் பெயர், முகவரி, சேனல் பெயர் எல்லாம் போகச் சுமார் 400 பைட் மிஞ்சும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனியே மூன்று பைட். 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு துண்டு, ஆக 21 பைட். இந்தக் கணக்கில் ஒரு செய்திக்குள் பதினைந்து தமிழ்ச் சொல் போவதே பெரிது. அதைத் தாண்டினால் இர்சி தானாகவே அடுத்த செய்தியாகப் பிரித்து அனுப்பும். இருந்தாலும் சிறு வாக்கியங்களாக எழுதி என்டர் அடித்துப் பழகுவது நல்லது, படிப்பவருக்கும் அது வசதி.

இர்சி தொலைவிலுள்ள சர்வரில் ஓடினால், தமிழ்த் தட்டச்சுக்கு அங்கேயும் ஏதாவது நிறுவ வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் அடிப்பது உங்கள் கணினியில். ஐபஸ்ஸிலோ ஃபிசிடிஎக்ஸிலோ தமிழ்99 அல்லது ஒலியியல் விசைப்பலகையை இங்கே வைத்துக்கொண்டால் போதும், எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் டெர்மினலில் நுழையும் முறை) வழியாகத் தமிழ் அப்படியே போய்ச் சேரும். கட்டளை அடிக்கும்போது ஆங்கிலத்துக்கு மாற மறக்காதீர்கள்.

மடிக்கணினியை மூடினால் பேச்செல்லாம் போய்விடுகிறதே?

ஆமாம். நீங்கள் இல்லாத நேரத்துச் செய்தியைச் சர்வர் உங்களுக்காக எடுத்து வைப்பதில்லை. அதற்குத்தான் எப்போதும் அணையாத ஒரு கணினியில் இர்சியை ஓட விடுகிறார்கள். மலிவான விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) போதும், வீட்டு மூலையில் ஒரு ராஸ்பெரி பை இருந்தாலும் போதும்.

எஸ்எஸ்எச் வழியாக அதற்குள் போய் 'டிமக்ஸ்' என்று தொடங்கி, அதற்குள் இர்சியைத் திறங்கள். கிளம்பும்போது கன்ட்ரோல்+பி (இது ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து, 'ப்ரீவியஸ்' பி அல்ல) அழுத்தி விட்டு, டி ('டிடாச்' என்பதன் முதலெழுத்து). நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள், இர்சி அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் வேறு கணினியிலிருந்து போய் 'டிமக்ஸ் அட்டாச்' அடித்தால் விட்ட இடத்திலேயே திரை நிற்கும், இரவு நடந்த பேச்சோடு. இந்த வசதியை ஒருமுறை பார்த்துவிட்டால் இர்சியை விட மனசு வராது. ரயிலில் போகும்போது இணைப்பு விட்டு விட்டு வருகிறதென்றால் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மோஷ் பயன்படுத்துங்கள், நெட்வொர்க் மாறினாலும் அறுந்துபோகாது.

பேச்சுகளைக் கோப்பாகச் சேமிக்க '/செட் ஆட்டோலாக் ஆன்'. வீட்டு அடைவுக்குள் ஐஆர்சிலாக்ஸ் என்ற அடைவில் சேனல் வாரியாகச் சேரும்.

வந்தார், போனார் என்ற வரிகளே திரையை நிறைக்கின்றன.

'/இக்னோர்' கட்டளைக்குப் பின் சேனல் பெயரும், அடுத்து ஜாயின்ஸ், பார்ட்ஸ், குவிட்ஸ், நிக்ஸ் என்ற நான்கு சொற்களும். பெரிய சேனல்களுக்கு இது கட்டாயம் தேவை. சிறிய சேனலில் போட வேண்டாம், யார் இருக்கிறார் என்று தெரிவது அங்கே நல்லது.

என் பெயருக்குப் பின்னால் அடிக்கோடு ஒட்டிக்கொண்டது.

இணைப்பு அறுந்து நீங்கள் திரும்பி வருவதற்குள், உங்கள் பழைய இணைப்பு போய்விட்டதைச் சர்வர் இன்னும் உணர்ந்திருக்காது. அதனால் பெயர் வேறொருவரிடம் இருப்பதாக நினைத்து இர்சி அடிக்கோடு சேர்க்கிறது. '/எம்எஸ்ஜி நிக்செர்வ் ரீகெய்ன்' போட்டு உங்கள் பெயரைக் கொடுத்தால் பழையதைத் துண்டித்துப் பெயரை மீட்டுத் தரும்.

சான்றிதழ் பிழை என்று சொல்லி இணைய மறுக்கிறது.

கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய ராஸ்பெரி பைகளில் தனிக் கடிகாரம் கிடையாது, மின்சாரம் போய் வந்ததும் இணையத்திலிருந்து நேரம் வாங்கும் வரை பழைய தேதியிலேயே நிற்கும். சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று அதற்குத் தோன்றும். நேரம் சரியானதும் இணைந்துவிடும். சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள்.

வீசாட் நன்றாக இருக்கும் என்கிறார்களே?

நன்றாகவே இருக்கும். சீனாவின் கைபேசிச் செயலியின் பெயரும் காதுக்கு இப்படித்தான் கேட்கும், இரண்டுக்கும் தொடர்பில்லை. இது செபாஸ்டியன் எல்லூ 2003இல் தொடங்கிய டெர்மினல் கிளையன்ட். நிறுவியவுடனே வலப்பக்கம் பெயர்ப் பட்டியல் தெரியும், பைதானில் ஸ்கிரிப்ட் எழுதலாம். இர்சியில் பட்டியல் பார்க்க '/நேம்ஸ்' அடிக்க வேண்டும். திரையில் குறைவாக இருப்பது எனக்குப் பிடிக்கும், அதனால் இர்சியிலேயே இருக்கிறேன். பைதான் தெரிந்து, நிறைய மாற்றியமைக்க ஆசைப்படுகிறவர் என்றால் வீசாட்டிலிருந்தே தொடங்குங்கள். மேலே சொன்ன பதிவு, தமிழ், டிமக்ஸ் விஷயங்கள் அதற்கும் பொருந்தும்.

எப்படி வெளியேறுவது?

ஒரு சேனலை மட்டும் விட '/பார்ட்', மொத்தமாக வெளியேற '/குவிட்'. அமைப்புகளில் எதையாவது மாற்றியிருந்தால் அதற்கு முன் '/சேவ்'. அடுத்த முறை அதே சேனல்களில் தானாகச் சேர, '/சேனல் ஆட் -ஆட்டோ' என்று அடித்து, சேனல் பெயரையும் நெட்வொர்க் பெயரையும் கொடுத்துச் சேமித்துவிடுங்கள். டிமக்ஸுக்குள் இருந்தால் '/குவிட்' அடிக்க வேண்டாம், கன்ட்ரோல்+பி, அப்புறம் டி.